தென்கரைக்கு ஒரு வழி: அடையாற்றுப் பாலங்கள்

1726க்கு முன்னால் சென்னைக் கோட்டையிலிருந்து பரங்கிமலைக்குப் புறப்பட்டவர், சைதாப்பேட்டை அருகே ஆற்றுக்குள் இறங்கித்தான் ஆகவேண்டும். கோடையில் கவலை இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்காலளவு தண்ணீரில் நடந்துவிடலாம். மாட்டுவண்டியும் மணலில் இறங்கி அக்கரை ஏறிவிடும். ஐப்பசி பிறந்ததும் அந்த வழி அடைபடும். மேற்கே ஏரிக்குப் பின் ஏரியாக நிரம்பி வழிந்து, அத்தனை தண்ணீரும் இந்த ஓர் ஆற்றில் வந்து விழும் மாதங்களில், தென்கரைக்காரர் தென்கரையிலும் வடகரைக்காரர் வடகரையிலும் வெள்ளம் வடியக் காத்திருக்க வேண்டியதுதான்.

சென்ற அத்தியாயத்தில் கூவத்தின் பாலங்களைப் பார்த்து, 1869ல் எழுந்த நேப்பியர் பாலத்தோடு நிறுத்தினோம். இனி அடையாறு.

சென்னை நகரத்தாருக்கு அடையாறு என்றதும் கழிமுகமும் பிரம்மஞான சபையின் ஆலமரமும் நினைவுக்கு வரும். தாம்பரம், முடிச்சூர், அனகாபுத்தூர், பொழிச்சலூர்ப் பக்கத்து வாசகர்களுக்கோ அது கொல்லைப்புறத்து ஆறு. அது பிறப்பதே நம் புறநகரில்தான். ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரிநீர்தான் அதன் தலை. அங்கிருந்து வரதராஜபுரம், முடிச்சூர், மேற்குத் தாம்பரம், திருநீர்மலை, அனகாபுத்தூர், கவுல்பஜார், மணப்பாக்கம், நந்தம்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று சுமார் 42 கிலோமீட்டர் வந்து, பட்டினப்பாக்கத்துக்கும் ஊரூர் குப்பத்துக்கும் நடுவே கடலில் சேருகிறது. வழியில் ஏறத்தாழ 200 ஏரி குளங்களின் கலங்கல் தண்ணீர் அதில் வந்து கலக்கிறது. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் சேருவது திருநீர்மலை அருகே. அதற்கு மேலே ஓடுவது ஓடை போன்ற ஆறு. கீழே ஓடுவது பேராறு. இந்த வேறுபாட்டை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், கடைசியில் தேவைப்படும்.

தலைமாட்டில் இருக்கும் மணிமங்கலத்தையும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஏழாம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியைப் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் முறியடித்த போர்க்களங்களில் அது ஒன்று. கூரம் செப்பேடு அந்த வெற்றியைப் பாடுகிறது. காஞ்சிக்கும் கடற்கரைக்கும் நடுவே படை நடத்தியவர்கள் எல்லோரும் இந்த ஏரிகளையும் ஓடைகளையும் கடந்தே போயிருப்பார்கள். பாலம் கட்டியதாக அவர்கள் விட்டுச்சென்ற சாசனம் எதையும் நான் கண்டதில்லை. ஏரி வெட்டியதற்கும் மதகு வைத்ததற்கும் தமிழ்நாட்டில் கல்வெட்டு ஏராளம். அந்தக் காலத்து ஆட்சி தண்ணீரைத் தேக்குவதில் தன் பணத்தைப் போட்டது. கடப்பதற்குக் காலே போதுமென்று விட்டுவிட்டது.

ஒரு பாலத்தால் இரண்டு போக்குவரத்து நடக்கிறது. மேலே மனிதரும் வண்டியும், கீழே தண்ணீர். அடையாற்றின் முந்நூறு ஆண்டுப் பாலக் கதையைப் படிக்கப் படிக்க எனக்கு உறுதிப்பட்டது இதுதான்: மேலே போகிறவருக்காகப் பாலம் கட்டியிருக்கிறோம், கீழே போவதைப் பற்றிப் பெரும்பாலும் யோசிக்கவில்லை. யோசித்த சிலரில் முதல்வர் ஒரு வெளிநாட்டு வணிகர்.

கோஜா பெத்ரூஸ் உஸ்கான் ஓர் ஆர்மீனியர். ஈரானில் இஸ்பஹானை ஒட்டிய புது ஜுல்ஃபாவைச் சேர்ந்த வணிகக் குடும்பம். மணிலாவோடு நடந்த கடல் வாணிபத்தில் பெரும்பொருள் சேர்த்தவர், 1720களில் சென்னைக்கு வந்து இங்கேயே தங்கினார். அப்போது பட்டணத்தில் ஆர்மீனியர்களுக்குத் தனி மதிப்பு இருந்தது. 1712லேயே அவர்களுக்கு இங்கே தேவாலயம் உண்டு. இன்றைய அரண்மனைக்காரன் தெருவில் நாம் பார்ப்பது பின்னால் 1772ல் எழுந்தது. உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழான அஸ்தரார் 1794ல் அச்சானதும் இதே சென்னையில்தான்.

உஸ்கானுக்குப் புனித தோமையார் மீது ஆழ்ந்த பக்தி. தோமையார் ஒளிந்திருந்ததாக நம்பப்படும் சின்னமலையும், உயிர்நீத்ததாக நம்பப்படும் பரங்கிமலையும் ஆற்றின் தென்கரையில் இருக்கின்றன. யாத்திரை போகிறவர்கள் மழைக்காலத்தில் ஆற்றோரம் தவிப்பதைப் பார்த்துத் தன் சொந்தப் பணத்தில் 1726ல் சைதாப்பேட்டையில் அவர் பாலம் கட்டினார். பல கண்கள் வைத்த செங்கல் வளைவுப் பாலம். செலவு 30,000 வராகன். பரங்கிமலை உச்சிக்கு ஏறும் படிக்கட்டும் அவர் பணத்தில்தான் அமைந்தது.

அவர் செய்த இன்னொரு காரியம் எனக்குப் பாலத்தைவிடப் பெரிதாகப் படுகிறது. பாலத்தின் பராமரிப்புக்கென்று தனியாக 1,500 வராகன் ஒதுக்கி வைத்தார். கட்டிய கையோடு திறப்புவிழா நடத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்ட இந்த நாளில், அந்த 1,500 வராகனை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். வளைவுகளில் செடி முளைக்கும், சாந்து உதிரும், கண்களில் மரக்கட்டையும் முள்ளும் வந்து அடைக்கும் என்று தெரிந்த ஆள் அவர். கண் அடைபட்டால் தண்ணீர் பாலத்தைத் தள்ளும் என்பதும் கப்பல் வணிகருக்குத் தெரிந்திருக்கும்.

மர்மலாங் பாலம் என்று ஆங்கிலேயர் அதை அழைத்தார்கள். அருகிலிருந்த மாம்பலம் கிராமத்தின் பெயர் ஐரோப்பியர் வாயில் அப்படித் திரிந்தது. உஸ்கான் வைத்த கல்வெட்டு சைதாப்பேட்டைக் கரையில் இன்றும் நிற்கிறது. பாரசீகம், ஆர்மீனியம், லத்தீன் என மூன்று மொழிகளில் வெட்டிய கல். பாரசீகம் நவாபின் அரசவைக்கு. ஆர்மீனியம் தன் இனத்தாருக்கு. லத்தீன் தன் சமயத்தாருக்கு. அந்தக் கல்லைத் தாண்டித்தான் தாம்பரம் பேருந்துகள் எல்லாம் போகின்றன. ஏறி இறங்கும் கூட்டத்தில் யாரும் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. ஆனாலும் சென்னையில் பாலத்தைவிட அதிக காலம் வாழ்ந்த பாலக் கல்வெட்டு அது.

அவருடைய கடைசிக் காலம் வருத்தம் தருவது. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்தது. தங்கள் பக்கம் வரும்படி உஸ்கானை அழைத்தார்கள். மறுத்தார். சொத்துகள் பறிபோயின. சென்னை மறுபடி ஆங்கிலேயர் கைக்கு வந்து சில ஆண்டுகளில், 1751 ஜனவரி 15 அன்று காலமானார். வேப்பேரியில் அவர் கட்டிய கோயில் இருந்த இடத்தில், இன்றைய புனித மத்தியாஸ் ஆலயத்தில், அடக்கமானார். இதயத்தை மட்டும் பிறந்த ஊரான ஜுல்ஃபாவுக்கு அனுப்பிவிட வேண்டுமென்பது அவர் விருப்பம்; அப்படியே அனுப்பினார்கள்.

பிரெஞ்சுக்காரர் வந்த அதே ஆண்டில்தான், பாலமே இல்லாத இடத்தில் அடையாறு வரலாற்றில் ஏறியது. 1746 அக்டோபர் 24. கழிமுகத்தின் வடகரையில், சாந்தோமுக்குத் தெற்கே, ஆற்காட்டு நவாப் அன்வருதீனின் மகன் மாபூஸ்கான் பெரும்படையோடு நிற்கிறார். பத்தாயிரம் பேர் என்று கணக்குச் சொல்வார்கள். புதுச்சேரியிலிருந்து கடற்கரை வழியாக வந்த பிரெஞ்சுத் தளபதி பாரடிஸிடம் அதில் பத்தில் ஒரு பங்குகூட ஆள் இல்லை, பீரங்கியும் இல்லை. எதிர்க்கரையிலிருந்து குண்டு விழ விழ அவருடைய சிப்பாய்கள் ஆற்றில் இறங்கி நடந்தே அக்கரை ஏறினார்கள். பழகிய அணிவகுப்பும் இடைவிடாத துப்பாக்கிச் சூடும் நவாபின் படையைக் கலைத்துவிட்டன. ஐரோப்பிய முறையில் பயிற்சி பெற்ற சிறு படை போதும், இந்திய அரசர்களின் பெரும்படையை வெல்லலாம் என்ற எண்ணம் ஐரோப்பியர் மனத்தில் விழுந்தது அன்றைக்குத்தான். நூறாண்டுக்குள் அந்த எண்ணம் இந்தியாவை விழுங்கியது. அது அடையாற்று மணலில், முழங்கால் தண்ணீரில் தொடங்கியது.

உஸ்கானின் பாலமும் அதன் பிறகு படைகளுக்குப் பயன்பட்டது. பரங்கிமலை கும்பினியின் பீரங்கிப் படைத் தலமானதும், கோட்டைக்கும் மலைக்கும் நடுவிலான சாலை பட்டணத்தின் முதன்மைச் சாலையானது. 1769ல் ஹைதர் அலி பரங்கிமலைக்கு வந்து நின்றபோது கோட்டையில் இருந்தவர்கள் உடன்படிக்கைக்கு இறங்கி வந்ததை வேறோர் அத்தியாயத்தில் விரிவாகப் பார்த்தோம்.

கழிமுகத்தில் பாலம் வர இன்னும் எழுபது ஆண்டுகள் ஆயின. 1840ல் கட்டிய அதற்கு அன்றைய கவர்னர் எல்பின்ஸ்டன் பிரபுவின் பெயரை வைத்தார்கள். தென்கரையின் தோட்ட பங்களாக்களில் வெள்ளைக்காரர் குடியேறிய காலம். சாந்தோம், மயிலாப்பூரிலிருந்து குதிரைவண்டியில் நேராகப் போய்ச் சேர வழி வேண்டும் என்பதே அதன் முதல் தேவை. 1882ல் கர்னல் ஆல்காட்டும் பிளவாட்ஸ்கி அம்மையாரும் ஹட்டில்ஸ்டன் தோட்டத்தை வாங்கிப் பிரம்மஞான சபையின் தலைமையிடமாக ஆக்கியதும் உலகமெங்கிலும் இருந்து வந்தவர்கள் எல்பின்ஸ்டன் பாலத்தின் வழியாகத்தான் அடையாற்றுக்குள் நுழைந்தார்கள்.

அந்தப் பாலம் ஆற்றுக்குச் செய்ததையும் சொல்ல வேண்டும். கழிமுகம் என்பது ஓயாமல் இடம் மாறும் இடம். சோழமண்டலக் கடற்கரையில் அலை ஆண்டின் பெரும்பகுதி மணலை வடக்கு நோக்கி நகர்த்திக்கொண்டே இருக்கிறது. முகத்துவாரத்தில் ஆற்றின் வேகம் குறைந்தால் மணல்திட்டு எழும்பி வாயை அடைத்துக்கொள்ளும். மழைக்கால வெள்ளம் வந்து அதை உடைத்துக்கொண்டு கடலுக்குப் போகும். அப்படிப்பட்ட இடத்தில் நெருக்கமாகத் தூண் நட்டால் தண்ணீர் தயங்கும். தயங்கிய இடத்தில் வண்டல் இறங்கும். எல்பின்ஸ்டன் பாலத்துக்குப் பிறகு கழிமுகத்தில் திட்டுகள் வளர்ந்ததை ஆற்றை ஆராய்ந்தவர்கள் குறித்திருக்கிறார்கள். இன்றும் ஒவ்வோர் ஆண்டும் பருவமழைக்கு முன்னால் பொக்லைனைக் கொண்டுவந்து முகத்துவாரத்தில் மணலை வாரித்தான் ஆற்றுக்கு வழி விடுகிறார்கள்.

ரயில் பாலத்தைப் பற்றி நீட்டி எழுத எனக்கு ஆசை, இடம் இல்லை. ஆனால் நம் புறநகரை உண்டாக்கியதே அதுதான். எழும்பூரிலிருந்து தெற்கே போக அன்றைய தென்னிந்திய ரயில்வே மீட்டர்கேஜில் போட்ட பாதை சைதாப்பேட்டை அருகே அடையாற்றைத் தாண்டுகிறது. 1931 மே மாதம் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. இந்தியாவில் மீட்டர்கேஜில் ஓடிய முதல் மின்சார ரயில் இது. அன்றுவரை தாம்பரத்தில் வீடு கட்டுவதென்றால் பட்டணத்து வேலையை விட்டுவிட்டவர் செய்கிற காரியம். மின்சார ரயில் வந்ததும் குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் சானடோரியத்திலும் வீட்டுமனை விலை கேட்க ஆரம்பித்தார்கள். 1937ல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரம் சேலையூர்க் காட்டுக்கு இடம் மாறியபோது, மாணவர்களுக்கு அந்த ரயில் இருந்தது; அதைத் தாங்க ஆற்றின் மேல் பாலம் இருந்தது.

அதே கல்லூரியில் 1898லிருந்து தமிழாசிரியராக இருந்து, 1911ல் வேலையை விட்டுவிட்டுப் பல்லாவரத்தில் குடியேறியவர் மறைமலையடிகள். வேதாசலம் என்ற பெயரை மாற்றிக்கொண்டதும், தனித்தமிழ் இயக்கத்தை வளர்த்ததும், அரிய நூல்களைச் சேர்த்து வைத்ததும், 1950ல் கண்ணை மூடியதும் பல்லாவரத்து வீட்டில்தான். உஸ்கானின் பாலம் பழுதாகி, போக்குவரத்துக்குப் போதாமலாகி, அதன் இடத்தில் 1966ல் புதுப்பாலம் வந்தது. இன்று அதற்கு மறைமலையடிகள் பெயர். தமிழ்நாட்டில் தலைவர்களின் பெயர் தாங்கிய பாலங்கள் எத்தனையோ உண்டு. பெயருக்கு உரியவரின் வீட்டுக்கே போகிற வழியில் நிற்கும் பாலம் மிக அபூர்வம். அண்ணாசாலையில் வந்து அந்தப் பாலத்தைத் தாண்டிக் கத்திப்பாராவில் ஜி.எஸ்.டி. சாலை பிடித்தால் பல்லாவரம்தான்.

எல்பின்ஸ்டன் பாலத்துக்குப் பக்கத்தில் 1973ல் எழுந்த பாலத்துக்குத் திரு.வி.க. பெயர். 1918ல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை வளர்த்தவர்களில் ஒருவர். தேசபக்தன், நவசக்தி இதழ்களின் ஆசிரியர். தமிழ் உரைநடையை ஆளுக்கொரு திசையில் கொண்டுபோன இரண்டு பேர், ஒரே ஆற்றின் இரண்டு பாலங்களில் பெயராக நிற்கிறார்கள். பெயர் வைத்தவர்கள் இதை எண்ணி வைத்தார்களோ இல்லையோ, எனக்கு இது மிகப் பொருத்தமாகப் படுகிறது. பழைய எல்பின்ஸ்டன் பாலமோ புதிய பாலத்தின் பக்கத்திலேயே வண்டி போகாமல் நிற்கிறது.

இந்த இரண்டுக்கும் கிழக்கே, கடலின் வாயிலிலேயே இன்னொரு பாலம் இருந்தது. 1967ல் கட்டியது. வடக்கே பட்டினப்பாக்கம் சீனிவாசபுரம், தெற்கே பெசன்ட் நகர் ஊரூர் குப்பம். இரண்டு பக்கமும் மீனவர் வாழும் ஊர். ஒருவருக்கொருவர் பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவு. மீன்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் பத்து நிமிடத்தில் அக்கரைச் சந்தைக்குப் போய்விடலாம் என்பதற்காக வந்த பாலம். பணக்காரர் காருக்காகக் கட்டாத, குப்பத்து மக்களின் காலுக்காகக் கட்டிய பாலம் இந்த ஆற்றின் நகரப் பகுதியில் அது ஒன்றே என்று சொல்லலாம். பத்தே ஆண்டுகள் நின்றது. 1977ல் வெள்ளத்தின் இழுப்பில் ஒரு பகுதி சரிந்தது. திரும்பக் கட்டவில்லை.

இன்று அதற்கு உடைந்த பாலம் என்றுதான் பெயர். தென்கரையிலிருந்து நடந்து போனால் தளம் ஓரிடத்தில் சட்டென்று அறுந்து நிற்கும். கான்கிரீட்டிலிருந்து துருப்பிடித்த கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். மாலையில் இளைஞர்கள் படம் எடுத்துக்கொள்ள வருகிறார்கள். சினிமாக்காரர்களுக்கும் பிடித்த இடம். குப்பத்துப் பெண்கள் இன்றும் எதிர்க்கரை உறவினர் வீட்டுக்குத் திரு.வி.க. பாலத்தைச் சுற்றித்தான் போகிறார்கள். ஆற்றின் வாய் எங்கே விரியும், எந்த மாதத்தில் எவ்வளவு ஆழமாக அரிக்கும் என்பதை அந்த மீனவரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். கரையோரமாகப் புதிய உயர்மட்டச் சாலைத் திட்டங்கள் பேசப்படும்போதெல்லாம், கட்டப்போகிறவர்கள் முதலில் அந்த அறுந்த முனையில் போய் நின்று கீழே பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கோட்டூர்புரம் பாலம்; ஜாபர்கான்பேட்டைக்கும் ஈக்காட்டுத்தாங்கலுக்கும் நடுவே உள்வட்டச் சாலைப் பாலம்; 2004ல் திருவான்மியூர் வரை நீண்ட பறக்கும் ரயிலின் பாலம்; 2015 ஜூனில் ஓடத் தொடங்கிய மெட்ரோ ரயிலின் உயர்பாதை. இரண்டாம் கட்ட மெட்ரோவில் பசுமைவழிச் சாலையிலிருந்து அடையாறு நிலையத்துக்குப் பாலம் இல்லை. ஆற்றின் அடியிலேயே சுரங்கம் தோண்டிப் போனார்கள். முந்நூறு ஆண்டு வரலாற்றில் அடையாற்றைத் தொடாமல் கடந்த முதல் வழி அது.

இனி மேலே வருவோம், நம் பக்கத்துக்கு.

திருமங்கையாழ்வார் திருநீர்மலைக்கு வந்தபோது மலையைச் சுற்றி வெள்ளம் சூழ்ந்திருந்ததாம். வடியும் மட்டும் ஆறு மாதம் எதிரே தங்கிக் காத்திருந்து, பிறகுதான் பெருமாளைச் சேவித்தார் என்று தலபுராணம் சொல்கிறது. மலையைச் சுற்றித் தண்ணீர் நிற்பது இந்தப் பகுதியின் பழைய இயல்பு. நிலம் தட்டை, ஏரிகள் நெருக்கம், ஆறு குறுகல். ஊர்க்காரர்கள் அதை ஏற்றுக்கொண்டு ஊரை மேட்டில் வைத்தார்கள், வயலைப் பள்ளத்தில் வைத்தார்கள்.

இங்கே ஆற்றைக் கடக்க உண்டானவை பெரும்பாலும் தரைப்பாலங்கள். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆற்றின் படுகையிலேயே சிமென்ட் குழாய்களை வரிசையாகப் பதித்து, மேலே ஒரு லாரி போகும் அகலத்துக்குத் தளம் போட்டு, இரண்டு ஓரத்திலும் வெள்ளையடித்த சிறு தடுப்புக் கற்கள் நட்டிருப்பார்கள். சாதாரண நாளில் தண்ணீர் குழாய் வழியாகப் போகும். வெள்ள நாளில் தளத்தின் மேலேயே போகும். அந்தக் கற்கள் எத்தனை முழுகின என்று பார்த்தே ஊர்க்காரர் வண்டியை இறக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். கிராமத்துக்குப் போதுமான ஏற்பாடு அது. வயலுக்கும் சந்தைக்கும் போகிறவர் இரண்டு நாள் காத்திருந்தால் குடி முழுகாது.

கிராமம் நகரமானதும் கணக்கு மாறிவிட்டது. ரியல் மெட்ராஸ் கைக்குட்டை என்ற பெயரில் ஆப்பிரிக்காவுக்குத் துணி நெய்து அனுப்பிய அனகாபுத்தூரிலும், சுற்றியுள்ள எல்லா ஊர்களிலும் அடுக்குமாடிகள் எழுந்தன. காலை ஏழு மணிக்குப் பள்ளி வேனும் எட்டு மணிக்கு ஐ.டி. கம்பெனிப் பேருந்தும் அதே தரைப்பாலத்தில் இறங்க வேண்டிய நிலை. குழாய்களின் வாயில் ஆகாயத்தாமரை வந்து பாய்போல் அடைத்துக்கொள்ளும். அதில் பிளாஸ்டிக் பையும் தெர்மாகோலும் சிக்கும். குழாய் அடைபட்ட தரைப்பாலம் பாலமாக இருப்பதில்லை. குறுக்கே கட்டிய அணையாகிவிடுகிறது. பின்னால் தேங்கும் தண்ணீர் பக்கத்துத் தெருக்களில் ஏறுகிறது.

பெரிய கட்டுமானங்களும் வந்தன. தாம்பரம் பக்கத்திலிருந்து மதுரவாயல் நோக்கிப் போகும் புறவழிச்சாலை திருநீர்மலை அருகே ஆற்றைத் தாண்டுகிறது. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் ஓடும் வெளிவட்டச் சாலை வரதராஜபுரம் பக்கத்தில் தாண்டுகிறது. எல்லாவற்றிலும் வியப்பானது விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை. அதை நீட்டிக்க இடம் போதாமல், 2010களின் தொடக்கத்தில் அடையாற்றின் மேலேயே தூண்கள் நட்டுத் தளம் போட்டு அதன் மேல் ஓடுபாதையைக் கொண்டுபோனார்கள். அங்கே விமானம் ஆற்றின் மேலேயே ஓடுகிறது. பொறியியல் சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் ஓடுபாதை தாழ்ந்து, அகன்று, தட்டையாக இருந்தாக வேண்டும். மழைக்கால ஆறும் அதையே கேட்கிறது. அந்த இடத்தில் இரண்டுக்கும் ஒரே நிலம்.

2015 டிசம்பர் 1. காலை எட்டரையிலிருந்து மறுநாள் காலை எட்டரைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை, செம்பரம்பாக்கத்தில் 47. அன்றிரவு செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள். சைதாப்பேட்டையில் மறைமலையடிகள் பாலத்தைத் தொட்டுக்கொண்டு வெள்ளம் ஓடியது, போக்குவரத்தை நிறுத்தினார்கள். தாம்பரம் பாதையில் ரயிலும் நின்றது. விமான நிலையம் முழுகி டிசம்பர் 6 வரை மூடிக்கிடந்தது. விமானங்கள் அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து பறந்தன. 1726க்கு முன்னால் இருந்ததைப்போலத் தென்கரைக்காரர் தென்கரையிலேயே நின்றார்கள். ஒரே இரவில் முந்நூறு ஆண்டுப் பாலங்கள் எல்லாம் கைவிட்டுவிட்டன.

அந்த வெள்ளத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் செம்பரம்பாக்கத்தை மட்டும் பேசுகிறார்கள். ஏரி நிர்வாகத்தில் நடந்த தவறுகளை இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை 2018ல் கடுமையாகவே சொல்லிவிட்டது. அது நியாயம். ஆனால் முடிச்சூரும் வரதராஜபுரமும் முழுகியதற்குச் செம்பரம்பாக்கம் காரணமாக முடியாது. அதன் தண்ணீர் ஆற்றில் சேருவது இவற்றுக்குக் கீழே, திருநீர்மலையில். முடிச்சூரை மூழ்கடித்தது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் தண்ணீர். வழி குறுகி, ஓடைகள் மனைகளாகி, சாலைகள் மேடாகி, அவற்றின் அடியில் வைத்த கண்கள் சின்னதாகி, போக இடமில்லாமல் வீட்டுக்குள் வந்த தண்ணீர் அது. அதனால்தான் அந்த நவம்பரில் ஒருமுறையும் டிசம்பரில் மறுமுறையும் அங்கே படகு ஓடியது. 2020ல் நிவர் புயலின்போதும் 2023ல் மிக்ஜாம் புயலின்போதும் மறுபடி ஓடியது.

2015க்குப் பிறகு பொதுப்பணித் துறையினர் ஆற்றின் மேல்பகுதியை அகலப்படுத்தினார்கள். வெளிவட்டச் சாலை ஓரம் மூடுகால்வாய்கள் அமைத்தார்கள். தரைப்பாலங்களுக்குப் பதில் உயர்மட்டப் பாலங்களும் ஒவ்வொன்றாக வருகின்றன. வரவேற்க வேண்டிய வேலை. ஆனால் உயர்மட்டப் பாலம் வந்தால் மேலே போகிறவர் பிரச்சினை தீரும். கீழே எத்தனை கன அடி போக இடம் விட்டார்கள் என்பதைத் திறப்புவிழாக் கல்வெட்டில் யாரும் எழுதுவதில்லை. திறந்து வைத்தவர் பெயர், முன்னிலை வகித்தவர் பெயர், மதிப்பீடு எத்தனை கோடி என்பதெல்லாம் இருக்கும்.

ஆகையால் தாம்பரம் மாநகராட்சிக்கும், ஆற்றங்கரை ஊராட்சிகளுக்கும், நீர்வளத் துறைக்கும் ஒரு வேண்டுகோள். ஆதனூரிலிருந்து முகத்துவாரம் வரை உள்ள ஒவ்வொரு பாலத்தின் தூணிலும், 2015 டிசம்பரில் தண்ணீர் நின்ற உயரத்தைப் பெயின்டில் கோடு போட்டு ஆண்டோடு எழுதி வையுங்கள். 2023க்கு இன்னொரு கோடு. பாலத்தின் கண்கள் வழியாக எத்தனை கன அடி போகும் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். பெரிய செலவில்லை. மனை வாங்க வருகிறவர் அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். உஸ்கானைப்போலப் பராமரிப்புக்கென்று தனித்தொகையை ஒவ்வொரு பாலத்துக்கும் ஒதுக்கி, புரட்டாசி முடிவதற்குள் கண்களில் அடைத்த ஆகாயத்தாமரையை எடுத்துவிடுங்கள்.

வாசகர்களுக்கும் ஒன்று. 1966க்கு முந்திய மர்மலாங் பாலத்தில் நடந்தவர்கள், 1977க்கு முன்னால் சீனிவாசபுரத்திலிருந்து ஊரூர் குப்பத்துக்குப் பாலத்தில் போய்வந்தவர்கள், அனகாபுத்தூர், மணப்பாக்கம், முடிச்சூர்த் தரைப்பாலங்களில் வெள்ளம் பார்த்தவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். தாத்தா பாட்டி இருந்தால் கேட்டு எழுதி அனுப்புங்கள். எந்த ஆண்டு, எந்த மாதம், தண்ணீர் எது வரை வந்தது என்று குறித்தால் போதும். அடுத்த அத்தியாயத்துக்குப் பிறகு அவற்றைத் தொகுத்து வெளியிடுகிறேன்.

(தொடரும்)